காருக்கு எத்தனை மரம்?

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிறன்று, இரண்டாம் பூசை முடிந்து கோவில் முற்றத்தில் நின்றுகொண்டிருந்தோம். புதுக் கார் ஒன்று மந்திரிப்பதற்காக நிறுத்தப்பட்டிருந்தது. முன்புறம் சாமந்தி மாலை, கண்ணாடியில் வேளாங்கண்ணி மாதாவின் சிறு படம் எல்லாம் வழக்கப்படி இருந்தன. பங்குத் தந்தை தீர்த்தம் தெளித்து மந்திரித்து முடித்ததும், காருக்குரியவர் பின்கதவைத் திறந்து ஒரு புங்கங்கன்றை வெளியே எடுத்தார். எங்களுக்கெல்லாம் வியப்பு.

"கார் ஓட்டினால் காற்று கெடுகிறதாம் சுவாமி. மரம் நட்டால் அது ஈடாகிவிடும் என்று பிள்ளைகள் பள்ளியில் கேட்டு வந்து சொல்லுகிறார்கள். கோவில் வளாகத்தில் இடம் கொடுத்தால் இதை நட்டுவிடுகிறேன். ஒன்று போதுமா, இன்னும் வேண்டுமா? ஒரு காருக்கு எத்தனை மரம் என்று கணக்கு உண்டா?" என்று கேட்டார்.

சுவாமி சிரித்துக்கொண்டே நம்மைச் சுட்டிக்காட்டி, "பத்திரிகையில் எழுதுகிறவர் இவர்தானே, இவரைக் கேளுங்கள்" என்று சொல்லிவிட்டுத் திருமுழுக்குக்கு நேரமாயிற்று என்று உள்ளே போய்விட்டார். அன்று நம்மிடம் விடை இல்லை. "எழுதுகிறோம்" என்று மட்டும் சொல்லி வைத்தோம். அந்தக் கடனைத்தான் இப்போது தீர்க்கிறோம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அதில் பெரும்பகுதி, ஏறத்தாழ 640 கிராம், கரி. எஞ்சினில் எரியும்போது இந்தக் கரி காற்றிலுள்ள பிராண வாயுவோடு கூடிக் கரியமில வாயுவாக மாறுகிறது. 12 பங்கு கரிக்கு 32 பங்கு பிராண வாயு சேரும் என்பது இயற்கையின் விதி. ஆகவே முக்கால் கிலோ பெட்ரோல், புகைக்குழாய் வழியே வெளிவரும்போது 2.3 கிலோ கரியமில வாயுவாகி விடுகிறது. உள்ளே ஊற்றியதைப் போல மூன்று மடங்கு எடை வெளியே வருகிறதென்றால் நம்ப மனம் வராது. கண்ணுக்குத் தெரியாத பொருளாகையால் நாம் அதைப் பொருளாகவே நினைப்பதில்லை. ஒவ்வொரு லிட்டருக்கும் இரண்டே கால் கிலோ குப்பை மூட்டையாகச் சாலையில் விழுந்திருக்குமானால், நம் ஊர்ச் சாலைகளில் என்றைக்கோ நடமாட வழியின்றிப் போயிருக்கும்.

நடுத்தரக் குடும்பத்தின் கார் ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுத்தால் 667 லிட்டர் பெட்ரோல் செலவாகும். அதிலிருந்து எழும் கரியமில வாயு 1,500 கிலோவுக்குச் சற்று மேல். ஒன்றரை டன்! தொழிற்புரட்சிக்கு முன் காற்றின் பத்து லட்சம் பங்கில் 280 பங்காக இருந்த இந்த வாயு, இன்று 420 பங்கைக் கடந்துவிட்டதென்றால், அதில் நம் வீட்டு வாசலில் நிற்கும் வண்டிக்கும் சிறு பங்கு உண்டு.

இனி மரத்தின் பக்கம் வருவோம். மரத்தின் உடல் எதனால் ஆனது? மண்ணைத் தின்று மரம் வளர்கிறது என்றே பன்னெடுங்காலம் மக்கள் எண்ணியிருந்தார்கள். பதினேழாம் நூற்றாண்டில் பிரஸ்ஸல்ஸ் நகரைச் சேர்ந்த வான் ஹெல்மாண்ட் என்னும் கத்தோலிக்க மருத்துவர் இதைச் சோதித்துப் பார்த்தார். உலர்த்திய மண் 200 பவுண்டு நிறுத்து ஒரு தொட்டியிலிட்டு, 5 பவுண்டு எடையுள்ள ஒரு வில்லோ மரக்கன்றை அதில் நட்டு, ஐந்து ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றி வந்தார். முடிவில் மரம் 169 பவுண்டு இருந்தது. மண்ணில் குறைந்ததோ வெறும் 2 அவுன்சு. தண்ணீர்தான் மரமாயிற்று என்று அவர் முடிவு கட்டினார். இங்கே ஒரு வேடிக்கை உண்டு. 'காஸ்' என்ற சொல்லையே உலகுக்குத் தந்தவர் இவர்தாம். கரியை எரித்து, அதிலிருந்து கிளம்பும் கண்காணாப் பொருளுக்குப் பெயரும் சூட்டியவர். அதுவே இன்று நாம் சொல்லும் கரியமில வாயு. தம் தொட்டியில் நின்ற மரம் அந்த வாயுவைத்தான் உண்டு வளர்ந்தது என்பது மட்டும் அவருக்கு எட்டாமல் போயிற்று. அவர் மறைந்தபின் 1648-ஆம் ஆண்டில் வெளியான அவரது நூலில் இந்தச் சோதனை பதிவாகியுள்ளது.

காய்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி கரி. அது முழுவதும் காற்றிலிருந்து இலை வழியாக வந்தது. எனவே ஒரு கிலோ காய்ந்த மரம் உண்டாக, காற்றிலிருந்து 1.8 கிலோ கரியமில வாயு உறிஞ்சப்பட்டிருக்கிறது. நம் காரின் ஒன்றரை டன்னுக்கு ஈடாக எவ்வளவு மரம் வேண்டும் என்பது இப்போது தெளிவு. ஆண்டொன்றுக்கு 830 கிலோ காய்ந்த மரம். வேரும் அடிமரமும் கிளையும் சேர்த்து, ஈரம் நீக்கி 200 கிலோ தேறும் மரமாக இருந்தால் நான்கு மரங்கள். பத்தாண்டு கார் ஓட்டினால் நாற்பது மரங்கள்.

"நாற்பதுதானா, நட்டுவிடலாமே!" என்று நண்பர் சொல்லக்கூடும். நாமும் முதலில் அப்படித்தான் நினைத்தோம். ஆனால் மரத்துக்கு மரம் 5 மீட்டர் இடைவெளி விட்டால் நாற்பது மரங்களுக்கு 1,000 சதுர மீட்டர் நிலம் வேண்டும். அதாவது 25 சென்ட். நகர்ப்புறத்தில் 3 சென்ட் மனை வாங்கவே மகளின் நகையை அடகு வைக்கும் குடும்பங்கள் நாம். இரண்டாவது கார் வாங்கினால் இன்னொரு 25 சென்ட். தெருவில் ஆளுக்கொரு கார் வைத்திருந்தால் தெருவே தோப்பாக வேண்டும். மேலும், கார் இன்று கக்கும் வாயு இன்றே காற்றில் கலந்துவிடுகிறது. கன்று அதை உண்டு முடிக்க இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் ஆகும். ரொக்கமாக வாங்கிய கடனை நெடுங்காலத் தவணையில் அடைப்பது போன்றது இது.

அந்தத் தவணையாவது ஒழுங்காகக் கட்டப்படுமா? பெட்ரோலில் இருந்த கரி கோடிக்கணக்கான ஆண்டுகள் பூமிக்கடியில் பத்திரமாகக் கிடந்தது. அதை எடுத்து எரித்துக் காற்றில் விட்டால், அதில் ஒரு பகுதி ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்குக் காற்றிலேயே தங்கிவிடும் என்கிறார்கள் அறிஞர்கள். மரத்தில் சேர்ந்த கரியோ மரம் நிற்கும் வரைதான். எரிந்தாலும் மட்கினாலும் வந்த வழியே காற்றுக்குத் திரும்பிவிடும். 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்ததை டெல்டா மாவட்டத்து வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். முப்பது நாற்பது ஆண்டு வளர்ந்த தென்னைகள் லட்சக்கணக்கில் ஒரே இரவில் சாய்ந்தன. அழுத விவசாயிகளின் துயரத்துக்கு முன் கரிக் கணக்கு பேசுவது அழகல்ல. ஆயினும் மரம் என்பது எவ்வளவு நொய்ந்த பெட்டகம் என்பதை அந்த இரவு காட்டிவிட்டது.

இப்படி ஓரிடத்தில் விடும் வாயுவுக்கு ஈடாக வேறிடத்தில் மரம் நடும் வழக்கம் தோன்றி நாற்பதாண்டு கூட ஆகவில்லை. 1988-ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்க மின் நிறுவனம் ஒன்று, தன் நாட்டில் கட்டிய நிலக்கரி மின்நிலையத்துக்கு ஈடாக, குவாத்தமாலா நாட்டு உழவர்களைக் கொண்டு 5 கோடிக்கு மேற்பட்ட மரங்களை நட முன்வந்தது. அதன்பின் இது பெரும் வணிகமாக வளர்ந்தது. விமானப் பயணத்துக்கு இவ்வளவு, காருக்கு இவ்வளவு என்று தொகை கட்டினால், எங்கோ ஒரு நாட்டில் நம் பெயரால் மரம் நடுவார்கள். சான்றிதழ் வீட்டுக்கு வந்துவிடும்.

நம் அண்டை மாநிலத்திலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 'கோல்ட்ப்ளே' என்னும் ஆங்கில இசைக்குழு 2002-ஆம் ஆண்டு ஓர் இசைத்தட்டை வெளியிட்டது. அதைத் தயாரிப்பதில் உண்டான கரியமில வாயுவுக்கு ஈடாக, பெங்களூருக்கு வடக்கே வறண்ட குடிபண்டே பகுதியில் 10,000 மாங்கன்றுகளை ஏழை உழவர்களுக்குக் கொடுக்க ஏற்பாடாயிற்று. உழவருக்குப் பழம், காற்றுக்கு நலம், இசைக்குழுவுக்கு நிம்மதி. எண்ணம் நல்லதுதான். 2006-ஆம் ஆண்டு இங்கிலாந்துச் செய்தியாளர்கள் அங்கே போய்ப் பார்த்தபோது, கன்றுகளில் பெரும் எண்ணிக்கையானவை தண்ணீரின்றிப் பட்டுப்போயிருந்தன. கன்று கொடுத்தவர்கள் தண்ணீருக்கு வழி செய்யவில்லை என்பது உழவர்களின் குறை. இசைத்தட்டு விற்றுத் தீர்ந்து வெகு நாளாகியிருந்தது.

அதே பெங்களூருக்கு மேற்கே, மாகடி வட்டத்தில் ஹுலிகல் என்றொரு சிற்றூர். அங்கும் மழை குறைவுதான். பள்ளிக்கூடம் போகாத கூலிப் பெண் ஒருவரும் அவர் கணவர் சிக்கய்யாவும் அவ்வூரில் வாழ்ந்தார்கள். பிள்ளை இல்லை என்ற ஏச்சு அவர்களுக்கு நிறைய இருந்தது. ஊரில் ஆலமரங்கள் இருந்தன. அவற்றிலிருந்து கன்று உண்டாக்கி, ஹுலிகலிலிருந்து குதூர் செல்லும் சாலையோரம் நட்டார்கள். முதலாண்டில் பத்து, அடுத்த ஆண்டில் பதினைந்து, அதற்கடுத்து இருபது. கூலி வேலை முடிந்தபின் இருவரும் குடங்களில் தண்ணீர் சுமந்து நாலு கிலோமீட்டர் நடந்து ஊற்றினார்கள். ஆடு மாடு மேயாமல் முள்வேலி கட்டினார்கள். மழைக்காலத்தில் நட்டால் பிழைக்கும் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை. இப்படி எழுந்தவை 385 ஆலமரங்கள் என்று சொல்லப்படுகிறது. அவர்தாம் 'சாலுமரத திம்மக்கா'. சாலுமரம் என்றால் கன்னடத்தில் வரிசை மரம். கணவர் 1991-இல் காலமானார். 2019-இல் பத்மஸ்ரீ விருது பெற்றபோது, குடியரசுத் தலைவரின் நெற்றியைத் தொட்டு ஆசி கூறிய மூதாட்டியின் படத்தை வாசகர்கள் நாளிதழில் பார்த்திருப்பீர்கள். 2025 நவம்பரில் நூறு வயதைக் கடந்தவராய் இறந்தார்.

விருது பெற்ற அதே 2019-ஆம் ஆண்டில் இன்னொன்றும் நடந்தது. சாலையை அகலப்படுத்தும் திட்டத்தினால் அந்த ஆலமரங்களுக்கே ஆபத்து வந்தது. மூதாட்டி முதலமைச்சரிடம் முறையிட, மாற்று வழி ஆராயப்படும் என்று அரசு உறுதி கூறியது. சாலை அகலமாக வேண்டியது எதற்கு? கார்கள் பெருகிவிட்டதற்காக. கார் விடும் புகைக்கு ஈடாக மரம் நடுகிறோம். அந்தக் கார் போவதற்கு இடமில்லையென்று மரத்தை வெட்டுகிறோம். நம் ஊர்ப்பக்கம் நான்குவழிச் சாலைக்காகப் போன புளியமரங்களை எண்ணிப் பார்த்தால், நம்மவர் யாரும் அந்த அரசைக் குறைகூற இயலாது.

குடிபண்டேயில் பட்டுப்போனதும் ஹுலிகலில் பிழைத்ததும் மண்ணால் அல்லது மரவகையால் மட்டும் வந்த வேறுபாடு என்று நமக்குத் தோன்றவில்லை. ஓரிடத்தில் நட்டவர் ஊரில் இல்லை. மற்றோரிடத்தில் நட்டவர் மறுநாளும் குடத்தோடு வந்து நின்றார்.

இந்த மயக்கத்துக்கு நம் திருச்சபையின் தலைமையிடமும் ஒருமுறை ஆளானது என்பதை மறைக்க வேண்டியதில்லை. 2007-ஆம் ஆண்டு ஜூலை மாதம், வெளிநாட்டு நிறுவனம் ஒன்று வத்திக்கானுக்கு அன்பளிப்பாக ஒரு காட்டை அளிக்க முன்வந்தது. ஹங்கேரி நாட்டில் மரங்கள் நடப்படும். வத்திக்கான் ஓராண்டில் விடும் கரியமில வாயு அனைத்துக்கும் அது ஈடாகும். இவ்வகையில் உலகிலேயே முதல் நாடு என்ற பெருமை வத்திக்கானைச் சேரும் என்றார்கள். கர்தினால் போல் புப்பார் அதற்கான சான்றிதழைப் பெற்றுக்கொண்டார். செய்தி உலகெங்கும் பரவியது. 2010-ஆம் ஆண்டு அமெரிக்க நாளிதழ் ஒன்று விசாரித்து எழுதியபோது, சொன்ன இடத்தில் ஒரு மரமும் நடப்படவில்லை என்பது வெளியாயிற்று.

நல்லவேளையாக வத்திக்கான் சான்றிதழோடு நின்றுவிடவில்லை. 2008-ஆம் ஆண்டிலேயே, திருத்தந்தை புதன்கிழமைகளில் மக்களைச் சந்திக்கும் ஆறாம் பவுல் மண்டபத்தின் கூரைமேல் ஏறத்தாழ 2,400 சூரிய மின்தகடுகள் பொருத்தப்பட்டன. 2023-இல், தன் வண்டிகள் அனைத்தையும் 2030-க்குள் மின்சார வண்டிகளாக மாற்ற வத்திக்கான் ஏற்பாடு செய்தது. 2024 டிசம்பரில் மறைந்த திருத்தந்தை பிரான்சிசுக்கு மின்சாரத்தால் ஓடும் கார் ஒன்று வழங்கப்பட்டது. காரின் புகைக்கு ஈடு தேடியவர்கள் கடைசியில் காரையே மாற்றினார்கள். (நாமும் அவ்வாறே செய்துவிடலாமே என்றால், நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பங்கு இன்றும் நிலக்கரியிலிருந்தே வருகிறது என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.) திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதிய 'லௌதாத்தோ சீ' சுற்றுமடலிலும் இந்தக் கரி வாணிபம் புதுவகைச் சூதாட்டமாகி, சிலரது மிதமிஞ்சிய நுகர்வுக்குத் துணைபோகக்கூடும் என்று எச்சரித்திருந்தார்.

மேலை நாட்டு எழுத்தாளர் சிலர் இந்த மரச் சான்றிதழ்களைப் பழைய 'பாவமன்னிப்புச் சீட்டு'களோடு ஒப்பிட்டு ஏளனம் செய்வதுண்டு. வரலாற்றுப் பாடநூலில் அந்தச் சொல்லைப் படித்த நம் பிள்ளைகள் வீட்டுக்கு வந்து நம்மை வம்புக்கிழுப்பதும் உண்டு. பலன்களைக் காசோடு தொடர்புபடுத்தும் வழக்கத்தை 1567-இல் திருத்தந்தை ஐந்தாம் பத்திநாதர் ஒழித்துவிட்டார் என்று அவர்களுக்குச் சொல்லலாம். ஆனால் ஒப்புமையை நாம் முழுவதும் தள்ளிவிட மாட்டோம். ஞானோபதேசத்தில் நாம் சிறுவயதில் ஒப்புவித்ததை நினைவுகூருங்கள். பாவசங்கீர்த்தனத்துக்கு மனஸ்தாபம் வேண்டும், இனிச் செய்யேன் என்ற பிரதிக்கினை வேண்டும், கடைசியில் குரு கட்டளையிடும் அபராதத்தைத் தீர்க்க வேண்டும். மரம் நடுவது அபராதம் தீர்ப்பதற்கு ஒப்பு. பிரதிக்கினை எங்கே? "ஐம்பது கன்று நட்டுவிட்டேன், இனி எவ்வளவு வேண்டுமானாலும் ஓட்டலாம்" என்று கிளம்புகிறவரை எந்தக் குருவானவர் மன்னித்து அனுப்புவார்?

இங்கே பிரதிக்கினை என்பது பெரிய காரியம் ஒன்றுமில்லை. எல்லாரும் அறிந்த ஒரு பயணத்தை எடுத்துக்கொள்வோம். திருச்சியிலிருந்து வேளாங்கண்ணிக்கு ஏறத்தாழ 150 கிலோமீட்டர், போய்வர 300. நாம் கணக்கிட்ட காருக்கு 20 லிட்டர் பெட்ரோல், 46 கிலோ கரியமில வாயு. கணவன் மனைவி இருவர் மட்டும் போனால் தலைக்கு 23 கிலோ. பக்கத்து வீட்டாரையும் சேர்த்து ஐவராகப் போனால் தலைக்கு 9 கிலோ. பேருந்து லிட்டருக்கு 5 கிலோமீட்டர் கொடுத்தாலும், 60 லிட்டர் டீசலை ஐம்பது பேர் பங்கிட்டுக்கொள்வதால் தலைக்கு மூன்று கிலோவுக்குச் சற்று மேல்தான் வரும். காவி உடுத்தி, செப்டம்பர் 8 திருநாளுக்குக் கால்நடையாகப் போகிறவர்களின் கணக்கு நமக்குத் தெரியும். முழங்கால் வலியுள்ளவர்களையும் முதியோரையும் நாம் நடக்கச் சொல்லவில்லை. ஆனால் பலருக்கும் கார் ஓடும் 10,000 கிலோமீட்டரில் திருயாத்திரை எவ்வளவு, தெருமுனைக் கடைக்குப் போனது எவ்வளவு என்று ஒரு மாதம் குறித்துப் பார்த்தால் விடை வியப்பைத் தரும்.

மரம் நடுவதை நாம் தடுக்கவில்லை. நிழலுக்காக, காய்க்காக, குருவிக்காக, மழைநீர் மண்ணில் இறங்குவதற்காக நடுங்கள். அந்த மண்ணுக்குரிய புங்கையோ வேம்போ இலுப்பையோ நடுங்கள். பழனி மலையிலும் நீலகிரியிலும் புல்வெளியாக இருந்த இடங்களில் அந்நிய வாட்டில் மரங்களை வளர்த்துவிட்டு, இன்று அவற்றைப் பிடுங்க வழி தேடுகிறார்கள். அவையும் பசுமையாகத்தான் இருந்தன.

நண்பர் கொண்டுவந்த புங்கங்கன்றைப் பற்றிச் சொல்லிவிடுவோம். கோவிலின் தெற்குச் சுவரோரம் அன்றே நடப்பட்டது. பீடச் சிறுவர்கள் கைதட்டினார்கள். மூன்றாம் வாரம் ஆடு மேய்ந்து குச்சி மட்டும் நின்றது. நண்பர் மனம் தளரவில்லை. இரண்டாவது கன்றை வைத்து, முள் வெட்டிவந்து வேலி கட்டினார். கோடையில் கோவில் குழாயில் தண்ணீர் வருவதில்லை. வீட்டிலிருந்து குடத்தில் கொண்டுவர வேண்டியிருந்தது. முதல்நாள் காரில் வைத்துக் கொண்டுவந்தார். வழியில் குடம் சாய்ந்து புது இருக்கை முழுவதும் நனைந்துவிட்டதாம். அம்மையார் கடிந்துகொண்டிருக்கிறார். அதிலிருந்து குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தே வருகிறார். வீடு அரைக் கிலோமீட்டர் தூரம்தான். சென்ற ஞாயிறு பார்த்தபோது கன்று இடுப்பளவு வளர்ந்து புதுத்தளிர் விட்டிருந்தது.